ஆறாவது வாரம்

கர்ப்பத்தின் ஆறாம் மாதத்தில் 75 கிராம் குளுக்கோஸைத் தண்ணீரில் கரைத்துக் குடிக்கக் கொடுத்தார்கள். இரண்டு மணி நேரம் கழித்து எடுத்த ரத்தத்தில் சர்க்கரை 162. 140ஐத் தொட்டாலே கர்ப்பகாலச் சர்க்கரை நோய் என்று கணக்கு. சாப்பிட்டுவிட்டு வந்தாலும் செய்யக்கூடிய இந்தச் சோதனையை முன்னின்று கொண்டுவந்தவர் சென்னை மருத்துவர் வி. சேஷையா. வெறும் வயிற்றோடு இன்னொரு நாள் வா என்று அனுப்பினால் பல பெண்கள் திரும்பி வருவதில்லை என்பதை உணர்ந்து செய்தது.

செவிலியர் அக்கா பொறுமையாகச் சொல்லிக்கொடுத்தார். விரல் நுனியின் ஓரத்தில் குத்த வேண்டும், நடுவில் குத்தினால் வலிக்கும். சோற்றுக்கு முன் காயும் சுண்டலும். சாப்பிட்டு இரண்டு மணி நேரத்தில் 120க்குள் இருக்க வேண்டும். சாப்பிட்டதும் கொஞ்சம் நடக்க வேண்டும்.

வீடு அப்படியே கேட்டது. அத்தை எனக்கென்று தனியாகக் காய் எடுத்துவைத்தார். கணவர் கூடவே நடந்தார். கல்யாணமாகி வந்த பிறகு நேரத்துக்கு, சூடாக, கடைசி ஆளாக இல்லாமல் நான் சாப்பிட்டது அந்த மூன்று மாதம்தான். ‘குழந்தைக்கு ஆகாது’ என்ற ஒரு சொல்லுக்கு அவ்வளவு மரியாதை இருந்தது.

மகள் பிறந்ததும் சர்க்கரை இறங்கியது. மரியாதையும் இறங்கியது. “அதான் புள்ள பொறந்தாச்சே, இனி என்ன?” என்றார் அத்தை. ஆறாவது வாரம் குழந்தைக்குத் தடுப்பூசி என்பது வீட்டில் எல்லோருக்கும் நினைவிருந்தது. அதே ஆறாவது வாரம் தாய்க்கு மறுபடி குளுக்கோஸ் சோதனை என்பது யாருக்கும் நினைவில்லை. மருத்துவமனையிலும் கூப்பிடவில்லை. நானே கேட்டுச் செய்துகொண்டேன்.

கர்ப்பத்தில் சர்க்கரை வந்த பெண்ணுக்குப் பின்னாளில் இரண்டாம் வகை நீரிழிவு வரும் வாய்ப்பு மற்றவர்களைவிடப் பல மடங்கு அதிகம். அப்படியென்றால் அந்தப் பாடம் மூன்று மாதத்துக்கானது அல்ல, ஆயுளுக்கானது.

எட்டு வருடமாக வருடம் தவறாமல் பரிசோதிக்கிறேன். மூன்று மணிக்கு நின்றுகொண்டே வழித்துச் சாப்பிடும் மிச்சச் சோறு எத்தனை காட்டும் என்று எனக்குத் தெரியும். அரை மணி நேரம் நடக்க வேண்டுமானால் அந்த அரை மணி அடுப்பை வேறொருவர் பார்க்க வேண்டும் என்பதும் தெரியும். இரண்டாவதை எந்த வகுப்பும் சொல்லவில்லை. கருவி காட்டிய எண்களை வைத்து நானே கண்டுகொண்டது.

இப்போது தெரிந்த பெண் யாருக்காவது கர்ப்பத்தில் சர்க்கரை என்றால், வகுப்புக்குத் தனியாகப் போகாதே, வீட்டில் உன் கையால் சாப்பிடுகிறவர்களையும் கூட்டிக்கொண்டு போ என்கிறேன்.