பாச்சலூர் பாதையில் செந்நாய்

“ஒட்டன்சத்திரம் மலையில் அரசாங்கம் ஓநாயைக் கொண்டுவந்து விடப்போகிறதாமே, இனி ஆடு வளர்க்க முடியுமா?” என்று ஒரு வாசகர் கேட்டிருந்தார். நாலு வரியில் பதில் எழுதியிருக்கலாம். ஆனால் அந்தப் பக்கம் நான் பல வருஷம் வேலை பார்த்தவன். ஒரு எட்டு போய்ப் பார்த்துவிட்டு எழுதலாமே என்று கிளம்பினேன்.

ஒட்டன்சத்திரம் காய்கறிச் சந்தையில் விடியும் முன்பே கேரளா லாரிகள் நின்றன. முருங்கையும் தக்காளியும் ஏறிக்கொண்டிருந்தன. அங்கிருந்து தெற்கே வடகாடு, பரப்பலாறு அணை, பிறகு கொண்டை ஊசி வளைவுகளில் ஏறினால் பாச்சலூர். நான் மலையடிவாரத்திலேயே நின்றுவிட்டேன். ரோட்டோரம் ஒரு மக்காச்சோளக் காடு பாதி சாய்ந்து கிடந்தது. காட்டுப்பன்றி வேலை. சுற்றிலும் பழைய சேலை கட்டியிருந்தார்கள்.

“சேலைக்கெல்லாம் பன்னி பயப்படுமா சார்?” என்றார் காட்டுக்காரர். எழுபது வயதிருக்கும். “இதுல போன மாசம் கரட்டோரம் மூணு ஆட்டை ஓநாய் அடிச்சிருச்சு.”

“எந்த நேரத்துலண்ணே? பார்த்தீங்களா?”

“பட்டப்பகல்ல சார். அஞ்சாறு இருந்துச்சு. உடம்பு செவப்பு, வாலு கறுப்பா புசுபுசுன்னு. விசிலடிக்கிற மாதிரி ஒண்ணையொண்ணு கூப்பிட்டுக்குது.”

அது ஓநாய் அல்ல, செந்நாய். ஓநாய் திறந்த புல்வெளியிலும் முட்காட்டிலும் வாழ்வது. கர்நாடகாவில் கொப்பள் மாவட்டம் பங்காபூரில் 332 ஹெக்டேரை ஓநாய்ச் சரணாலயமாக்க அந்த மாநில அரசு 2024-ல் ஒப்புதல் கொடுத்தது. அதுவும் இருக்கிற ஓநாயைக் காக்கத்தான், வெளியிலிருந்து கொண்டுவந்து விட அல்ல. செந்நாயோ மலைக்காட்டுப் பிராணி, பழனி மலையில் காலங்காலமாக இருப்பது. யாரும் கொண்டுவந்து விடவில்லை. உலகம் முழுக்க வளர்ந்த செந்நாய்கள் 2,500-க்கும் குறைவு என்பது கணக்கு.

குறைந்ததற்கு அரசாங்கமும் ஒரு காரணம். வெள்ளைக்காரன் காலத்தில் செந்நாயைக் கொன்றால் பரிசுப் பணம் உண்டு. 1972-ல் வனஉயிரினப் பாதுகாப்புச் சட்டம் வந்தது. 2013-ல் பழனி மலைக் காடுகளில் சுமார் 609 சதுர கிலோமீட்டர் கொடைக்கானல் வனஉயிரினச் சரணாலயம் ஆனது. விசாகப்பட்டினம் விலங்குக்காட்சி சாலையில் செந்நாய் இனப்பெருக்க மையமும் இருக்கிறது. அமெரிக்காவில் இதே கதைதான். விஷம் வைத்து அழித்த மெக்சிகோ ஓநாயை, மிஞ்சிய ஏழிலிருந்து கூண்டில் பெருக்கி, 1998-ல் அரிசோனா காட்டில் விட்டார்கள். மாடு வளர்ப்பவர்களோடு தகராறு இன்னும் ஓயவில்லை. கன்று போனால் இழப்பீடு கொடுத்துத்தான் ஓட்டுகிறார்கள்.

நமக்கு இந்தச் செந்நாயால் என்ன? அது தின்பது பெரும்பாலும் மானும் கடமானும். பன்றிக்குட்டியையும் விடாது. செந்நாய் இருந்தால் பன்றித் தொல்லை தீர்ந்துவிடும் என்று நான் சொல்ல மாட்டேன், அது பொய். ஆனால் 2025 ஜனவரியில் வந்த அரசாணைப்படி, காப்புக்காட்டு எல்லையிலிருந்து 1 கிலோமீட்டருக்குள் பன்றியைக் கொல்ல முடியாது. 3 கிலோமீட்டர் வரை பிடித்துத்தான் விடலாம். அதைத் தாண்டினால்தான் வனத்துறையினர் சுடுவார்கள். அந்த முதல் 1 கிலோமீட்டரில் விவசாயம் பார்க்கிறவருக்குக் குட்டியைக் குறைத்துக் கொடுக்கிற ஆள் செந்நாயும் சிறுத்தையும்தான்.

“செத்த ஆட்டை என்ன செஞ்சீங்க?”

பெரியவர் கொஞ்சம் தயங்கினார். “குருணை மருந்தைத் தடவிப் போட்டுரலாம்னு பையன் சொன்னான். நான்தான் வேண்டாம்னு புதைச்சுட்டேன்.”

மருந்து வைத்தால் கூட்டமே போகும். அதோடு கழுகு, கீரி, நம் வீட்டு நாய் எல்லாம் போகும். ஜெயிலும் உண்டு. ஆனால் புதைத்ததும் தப்புதான். ஆட்டைக் கிடந்த இடத்திலேயே விட்டு, போட்டோ எடுத்து, வனச்சரக அலுவலகத்துக்கு உடனே சொல்ல வேண்டும். கால்நடை மருத்துவர் சான்று கொடுத்தால்தான் இழப்பீட்டுக்கு மனு நகரும். சரணாலயத்துக்குள் மேய்த்து இழந்தால் கேட்பது கஷ்டம். “பணம் வர்றதுக்குள்ள அடுத்த ஆட்டுக்குட்டியே வளர்ந்துருது” என்றார் அவர். அதற்கு என்னிடம் பதில் இல்லை. செந்நாயைக் காக்க அரசு ஒதுக்குகிற காசு முதலில் இந்த மனுக்களுக்கு வேகமாக வந்தால், மருந்து பாட்டிலை யாரும் தேட மாட்டார்கள்.

இன்னொன்று நோய். விருப்பாட்சி மலைவாழை 1970-களில் முடிக்கொத்து நோயில் அழிந்தது நினைவிருக்கும். காட்டை அழித்தோ காய்ச்சல் விட்டோ அல்ல, நோய்க்கன்றை நாமே ஊர் ஊராகத் தூக்கிப்போய் நட்டு அழித்தோம். நோயில்லாத திசு வளர்ப்புக் கன்று வந்த பிறகுதான் மீண்டும் தலைதூக்கியது. செந்நாய்க்கு அந்த நோய்க்கன்று நம் நாய்கள். வெறிநோயும் டிஸ்டெம்பரும் தோட்டத்து நாயிலிருந்து காட்டுக்குள் போனால், விஷம் இல்லாமலே கூட்டம் காலி. வெறிநோய் என்றால் நம் வீட்டுப் பிள்ளைகளுக்கும் ஆபத்து.

பெரியவரிடம் இரண்டு நாய் இருந்தது. இரண்டுக்கும் இதுவரை ஊசி போடவில்லை. அங்கிருந்தே தெரிந்த கால்நடை மருத்துவருக்குப் போன் போட்டேன். சனிக்கிழமை காலையில் கூட்டி வரச் சொன்னார்.

“கருப்பன் வந்துருவான் சார். அந்தச் செவலை இருக்கே, அதைச் சாக்கைப் போட்டுத்தான் புடிக்கணும்” என்று பெரியவர் சாக்கைத் தேடப் போனார். அன்று புதன்கிழமைதான்.