இரண்டு தோட்டாக்கள்

பெருமாள்மலையிலிருந்து பழனிக்கு இறங்கும் மலைப்பாதையில் உள்ளது வடகவுஞ்சி. சென்ற மார்கழியில் அங்கே ஒரு நண்பர் இல்லத்தில் நாம் இரண்டு நாள் தங்க நேர்ந்தது. இராப் போஜனம் முடிந்ததும், எண்பதைக் கடந்த அவருடைய தகப்பனார் ஒரு தகரப் பெட்டியைத் திறந்து, வெடித்து ஓய்ந்த இரு பித்தளைத் தோட்டாக் கூடுகளை நம் முன் வைத்தார்.

"இது முந்நூற்று மூன்று, இது முந்நூற்றுப் பதினைந்து. எது வலியது, சொல்லுங்கள் ஐயா!"

எண்ணில் பெரியதே வலியது என்று நாம் தயங்காமல் சொன்னோம். பெரியவர் சிரித்தார். பள்ளிக்கூடம் போகும் பேரனும் சிரித்தான். நம் கௌரவம் அத்துடன் போயிற்று.

அந்த எண் குழாயின் அகலத்தை அங்குலத்தில் ஆயிரத்தில் ஒரு பங்காக எண்ணிச் சொல்வதாம். இவ்விரண்டுக்கும் உள்ள பேதம் மூன்று தாள்களின் கனமே. வலிமையோ குண்டின் எடையையும் வேகத்தையும் பொறுத்தது. முந்நூற்று மூன்றின் குண்டு சுமார் 11 கிராம். விநாடிக்கு 2,400 அடி பாயும். மற்றதன் குண்டு சுமார் 16 கிராம். ஆனால் வேகம் சுமார் 2,000 அடிதான். ஆக, இரண்டும் ஏறக்குறையச் சமம். பன்னிரண்டு போர் துப்பாக்கியிலோ கணக்கே தலைகீழ்: எண் ஏற ஏறக் குழாய் சிறுக்கும்!

அப்படியானால் இரண்டு அளவுகள் எதற்கு? முந்நூற்று மூன்று பட்டாளத்துத் தோட்டா. அது குடிகளின் துப்பாக்கியில் பொருந்தலாகாது என்பது ஆங்கில அரசின் அச்சம். 1919-இல் ஜாலியன்வாலா பாகில் அதே தோட்டாவில் 1,650 ஜனங்கள்மீது சுடப்பட்டன. அதற்குத் தடை இருக்கவில்லை. குடிகளுக்கென வந்த முந்நூற்றுப் பதினைந்து, பிற்பாடு நம் இஷாப்பூர்த் தொழிற்சாலையிலேயே உற்பத்தியாயிற்று. சுதந்திர இந்தியாவின் 1959-ஆம் ஆண்டு ஆயுதச் சட்டமும் அந்தப் பிரிவினையைக் கைவிடவில்லை.

"முதல் கூடு என் அப்பா வைத்திருந்தது" என்றார் பெரியவர். அவர் வேட்டைக்கு வரும் துரைகளுக்கு வழிகாட்டி. காட்டுமாடு ஒரு டன் எடை வரை வளரும். விஷயம் தெரிந்தவர்கள் அதற்கு நானூற்று எழுபது போன்ற துப்பாக்கியைக் கொண்டுவருவார்கள். அதன் குண்டு 32 கிராம். விடுமுறையில் வந்த ஒரு துரையோ பட்டாளத்துத் தோட்டாவே போதுமென்று சுட்டார். மாடு விழவில்லை, திரும்பிற்று. துரை மரத்தின் பின்னால் இருந்தார். முன்னால் நின்ற வழிகாட்டியின் கையில் அரிவாள்தான் இருந்தது. 1878-ஆம் ஆண்டின் ஆயுதச் சட்டப்படி இந்தியன் அனுமதியின்றித் துப்பாக்கி ஏந்தலாகாது. தொடை கிழிந்தது. ஆயுள் முழுதும் அவர் நொண்டியே நடந்தார்.

மகன் வளர்ந்து, பன்றிகளிடமிருந்து பயிரைக் காக்க லைசென்ஸ் வாங்கினார். இரண்டாவது கூடு அவர் முதன்முதலாகச் சுட்டது. 1972-இல் வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டம் வந்தது, துப்பாக்கியை ஒப்படைத்துவிட்டார்.

அப்போது வெளியே மலைவாழை முறியும் ஓசை கேட்டது. ஜன்னல் வழியே பார்த்தோம். நிலவில் கரிய உருவம் ஒன்று. வெள்ளைக் காலுறை போட்டாற்போல் நான்கு கால்கள். நமக்கு நாக்கு ஒட்டிக்கொண்டது.

பெரியவர் இரு கூடுகளையும் மடியில் செருகிக்கொண்டு, காலித் தகரப் பெட்டியை ஓங்கித் தட்டினார். காட்டுமாடு நம்மை ஒருமுறை நிமிர்ந்து பார்த்துவிட்டு, அவசரமின்றிச் சோலைக்குள் சென்றது.