அழைப்புக் கடிதமும் நொத்தாரிசின் முத்திரையும்

வற்றாப்பளைக் கண்ணகையம்மன் கோயில் வைகாசிப் பொங்கலுக்கு ஊரார் ஆயத்தமாகிக்கொண்டிருந்த வேளையில், அயல்வீட்டுப் பெரியம்மா ஒரு கடிதத்துடன் எம்மிடம் வந்தார். கனடாவிலுள்ள மகள் அனுப்பிய அழைப்புக் கடிதம் அது. ஆவணியிலே மகளுக்குப் பிள்ளைப்பேறு. தாய் அருகிலிருக்க வேண்டுமென்பது இருவரதும் ஆசை.

"தம்பி, இதிலே நொத்தாரிசின் முத்திரையைக் காணவில்லையே, செல்லுமோ?" என்று கலக்கத்துடன் கேட்டார்.

நாமும் எல்லாம் அறிந்தவர்போல, "முத்திரையில்லாவிட்டால் வெறுங் கடதாசிதான், பெரியம்மா. திரும்ப எழுதுவியுங்கள்" என்றோம்.

பிள்ளைத்தாய்ச்சியான அந்த மகள் வேலைக்கு விடுப்பெடுத்து, சட்டத்தரணியிடம் பணங் கொடுத்து, முத்திரை பெற்று அனுப்புவதற்குள் ஒரு மாதம் கழிந்தது. விசா கிடைத்ததோ புரட்டாதியில். பேரனின் முதல் அழுகையைப் பெரியம்மா தொலைபேசியிலேதான் கேட்டார்.

நம்மவர் முத்திரையைப் பெரிதாக மதிப்பதற்குக் காரணமுண்டு. 1840ஆம் ஆண்டின் 7ஆம் இலக்க மோசடிகள் தடுப்புக் கட்டளைச் சட்டப்படி, காணி விற்பதானாலும் ஈடு வைப்பதானாலும் நொத்தாரிசின் முன்னும் இரு சாட்சிகளின் முன்னும் உறுதி முடிக்கவேண்டும். மேலும், 2009இல் உயிரை மாத்திரம் கையிற் பிடித்துக்கொண்டு ஓடி, பிறப்புச் சான்றிதழையும் காணி உறுதியையும் இழந்து, பின்னர் ஒவ்வொரு கடதாசிக்காகவும் அலைந்தவர்கள் நாம். முத்திரையற்றதை நம்ப எம் மனம் துணிவதில்லை.

காலங் கடந்தபின்னரே கனடாவின் குடிவரவுத் திணைக்களத்து அறிவுறுத்தல்களை ஆறுதலாகப் படித்தோம். நொத்தாரிசின் அத்தாட்சி எல்லோருக்கும் விதிக்கப்பட்ட நிபந்தனையன்று; விசா அலுவலகம் கேட்டாலே அது தேவை. அம்முத்திரை கூறுவதெல்லாம், இன்னார் எம் முன்னிலையில் ஒப்பமிட்டார் என்பதையே. எழுதியவை யாவும் மெய்யென்று அது உறுதி கூறாது.

அதிகாரிகள் நோக்குவது வேறு. வருபவர் யார், என்ன உறவு, எத்தனை நாள் தங்குவார், எங்கே தங்குவார், செலவு யாருடையது, எப்போது திரும்புவார் என்பன கடிதத்தில் தெளிவாக இருத்தல்வேண்டும். அழைப்பவரின் முகவரி, தொழில், குடியுரிமை அல்லது நிரந்தர வதிவிட அத்தாட்சியின் பிரதி ஆகியனவும் வேண்டும். திரும்பி வருவார் என்பதற்கு ஊரிலுள்ள வீடும் வயலும் குடும்பமுமே வலுவான சான்று.

நாட்டுக்கு நாடு வழக்கமும் வேறு. இங்கிலாந்துக்கு அழைப்புக் கடிதமே கட்டாயமன்று. பிரான்சில் உறவினர் வீட்டில் தங்குவோருக்கு நகரசபையிற் பெறும் வரவேற்புப் பத்திரமும், ஜேர்மனியில் அழைப்பவரே செலவை ஏற்பதானால் வெளிநாட்டார் அலுவலகத்திற் பெறும் பொறுப்பேற்புப் பத்திரமும் வேண்டும். அவற்றுக்கு நொத்தாரிசின் முத்திரை ஈடாகாது.

ஐப்பசியிலே பெரியம்மா புறப்பட்டார். எமது தவறைச் சொல்லி வருந்தினோம். "நானும் பயந்துதானே கேட்டேன், தம்பி" என்று சிரித்தார். இப்போது எவரேனும் கடிதத்துடன் வந்தால் நாம் உடனே விடை கூறுவதில்லை. அந்தந்த நாட்டின் அறிவுறுத்தலை எடுத்து, அவருடன் கூடவிருந்து முதலில் வாசிக்கிறோம்.