சித்திரையில் ஒரு கம்பளி

சித்திரை மாதத்துச் சென்னை வெயிலில் ஒரு குழந்தைக்குக் கம்பளி போர்த்துவதை நீங்கள் பார்த்திருக்கிறீர்களா? நான் பார்த்தேன். போர்த்திக்கொண்டு படுத்திருந்தவன் என் தங்கை மகன். வயது ஒன்பது.

அவன் கழுத்தில் நெல்லிக்காய் அளவில் ஒரு கட்டி இருந்தது. வலி இல்லை, ஆகவே வீட்டில் யாரும் கவலைப்படவும் இல்லை. காசநோயாக இருக்கலாம் என்று ஒருவர் சில மாதம் மருந்து கொடுத்தார். கட்டி கரையவில்லை. கடைசியில் அதை வெட்டியெடுத்துச் சோதித்தபோது, ‘ஹாட்ஜ்கின் லிம்போமா’ என்று பெயர் வந்தது. 1832-ல் லண்டன் டாக்டர் தாமஸ் ஹாட்ஜ்கின் விவரித்த வியாதி; நிணநீர் முடிச்சுகளில் தோன்றும் புற்றுநோய்.

“எந்த ஸ்டேஜ் என்று பார்க்க வேண்டும்” என்றார் டாக்டர்.

பையன் என் காதோரம் வந்து, “மாமா, நான் நாடகத்திலேயா நடிக்கப் போறேன்?” என்று கேட்டான். நான் சிரித்துவிட்டேன். தங்கை சிரிக்கவில்லை. நான்காவது ஸ்டேஜ் என்றால் என்ன என்று சினிமாக்கள் அவளுக்குச் சொல்லி வைத்திருந்தன.

நாடகத்தைப் போல இதிலும் ஒரு திரை உண்டு. மார்புக்கும் வயிற்றுக்கும் நடுவிலுள்ள உதரவிதானம்தான் அது. முடிச்சுகள் ஒரே பகுதியில் வீங்கியிருந்தால் முதல் நிலை. பல பகுதிகளில், ஆனால் திரைக்கு ஒரே பக்கத்தில் இருந்தால் இரண்டாவது. இரு பக்கமும் என்றால் மூன்றாவது. நுரையீரல், கல்லீரல், எலும்பு மஜ்ஜை என்று பரவிவிட்டால் நான்காவது. 1971-ல் அமெரிக்காவில் ஆன் ஆர்பர் என்ற ஊரில் கூடிய வைத்தியர்கள் வகுத்த கணக்கு இது.

கணக்கு சரி, உள்ளே இருப்பதை எண்ணுவது எப்படி? 1960-களில் ஸ்டான்ஃபோர்டில் தொடங்கிய முறைப்படி, வயிற்றைத் திறந்து, மண்ணீரலை எடுத்து, கல்லீரலிலும் துணுக்குகள் வெட்டிப் பார்த்தார்கள். குழந்தைகளுக்கும் அப்படித்தான். மண்ணீரலை இழந்த குழந்தைகளைச் சில கிருமிகள் எளிதில் சாய்த்துவிடும். வியாதியின் நிலையை அறிவதற்கே அவ்வளவு விலை!

எங்கள் பையனுக்கு ஓர் ஊசிதான். சர்க்கரை போன்ற ஒரு பொருளில் ஃப்ளோரின்-18 என்ற கதிரியக்க அணுவைக் கோத்து நரம்பில் ஏற்றினார்கள். 110 நிமிஷத்துக்கு ஒரு முறை அதன் வீரியம் பாதியாகும். நோயுற்ற செல்களுக்குச் சர்க்கரையின் மேல் பேராசை. அவை அள்ளி விழுங்கிய இடமெல்லாம் ‘பெட்’ ஸ்கேன் படத்தில் ஒளிரும். அதற்காக ஆறு மணி நேரப் பட்டினி. ஊசிக்குப் பிறகு ஒரு மணி நேரம் அசையாமல் படுக்கை.

அப்போதுதான் நர்ஸம்மாள் கம்பளியோடு வந்தாள். “எதற்கம்மா இது?” என்றேன்.

“ஏ.சி. அறை சார். குழந்தைங்க கழுத்திலேயும் தோளிலேயும் ஒரு மாதிரிக் கொழுப்பு இருக்கு. குளிர் பட்டால் உடம்பைச் சூடாக்க அது சர்க்கரையை எரிக்கும். படத்திலே அதுவும் ஒளிரும். வியாதியா குளிரான்னு குழப்பம் வந்துடும்.”

ஒரு கம்பளி இல்லாமற் போனால் படம் தப்பான கதை சொல்லக்கூடும்! அவன் தோள் வரை நானே இழுத்துப் போர்த்திவிட்டேன்.

படத்தில் கழுத்தும் ஒளிர்ந்தது, மண்ணீரலும் ஒளிர்ந்தது. திரைக்கு இரு பக்கமும். மூன்றாவது நிலை.

தங்கை முகத்தை மூடிக்கொண்டாள். டாக்டர் நாற்காலியை அவள் பக்கம் நகர்த்திப் போட்டுக்கொண்டார். “ஸ்டேஜ் என்பது தீர்ப்பு இல்லையம்மா, மருந்தை அளக்கிற படி. குறைத்து அளந்தால் வியாதி திரும்பும். கூட்டி அளந்தால், இவன் வளர்ந்த பிறகு இருதயமோ வேறு ஏதாவதோ அந்தக் கடனைக் கட்ட வேண்டியிருக்கும். சரியான மருந்து கொடுத்தால், இந்த வியாதியில் நான்காவது ஸ்டேஜ் குழந்தைகளிலேயே பெரும்பாலோர் பிழைக்கிறார்கள்.”

அவள் அழுகை நின்றது என்று சொல்லமாட்டேன். ஆனால் அன்று மாலை, ஊர்ப் பிள்ளையாரிடம் பேசுவதை விட்டுவிட்டு, மருந்துத் தேதிகளைக் காலண்டரில் குறிக்க ஆரம்பித்தாள்.

இரண்டு சுற்று மருந்துக்குப் பிறகு, ஆனி மாதம், மறுபடியும் படம். மருந்து கேட்கிறதா என்று பார்ப்பதற்கு. முடி கொட்டிய தலையோடு பையன் விடுவிடுவென்று உள்ளே போய்ப் படுத்தான். ஊசி போட நர்ஸம்மாள் கையைப் பிடித்தபோது, “முதல்லே கம்பளி!” என்றான்.

அந்தப் படத்தில் கழுத்தும் மண்ணீரலும் இருண்டிருந்தன. இருட்டைப் பார்த்து ஒரு குடும்பமே மகிழ்ந்தது, எனக்குத் தெரிந்து அன்றுதான்.