உதிர்ந்த முன்னொட்டு

மலேசியப் பள்ளிகளில் மலாய் கற்ற எங்களுக்கு முன்னொட்டு என்றாலே மனப்பாடம்தான். எழுதுதலைக் குறிக்கும் 'துலிஸ்', முன்னொட்டு சேர்ந்ததும் 'மெனுலிஸ்' ஆகும். பெருக்குதலைக் குறிக்கும் 'சாப்பு', 'மெஞாப்பு' ஆகும். சொல்முதல் வல்லொலி மறைய, அதன் இடத்தில் மெல்லொலி வந்து அமரும். நன்னூலின் புணரியலில் பழகியவர்களுக்கு இது அந்நியமாகத் தோன்றாது.

கிளந்தான் மக்களின் பேச்சுக்கு இந்த வாய்பாடு போதாது. அங்கே சொல்லின் ஈற்றிலுள்ள 'ஆன்', 'ஏ' எனத் தேயும்; 'கிளந்தான்' என்ற பெயரே அவர்கள் வாயில் 'கெலாத்தே'. பாதையைக் குறிக்கும் 'ஜாலான்', 'ஜாலே' ஆகிறது. நடத்தலைக் குறிக்கும் 'பெர்ஜாலான்' என்பதிலோ 'பெர்' என்னும் முன்னொட்டே உதிர்ந்துவிடுகிறது. அப்படியானால் பாதைக்கும் நடத்தலுக்கும் வேறுபாடு என்ன? முதல் மெய்யின் நீட்சிதான். 'ஜாலே' என்றால் பாதை. 'ஜ்ஜாலே' என்றால் நடத்தல். உதிர்ந்த ஓர் அசை, அடுத்த மெய்யின் கால அளவாக எஞ்சி நிற்கிறது.

எல்லைக்கு அப்பால், தென் தாய்லாந்தின் பட்டானி மலாயிலும் இதே வழக்குதான். 'மாத்தோ' கண், 'ம்மாத்தோ' அணிமணி. பின்னது 'பெர்மாத்தா' என்ற சொல் தலையிழந்த வடிவம். இரட்டித்து வரும் சொற்களும் இவ்வாறே சுருங்குகின்றன. 'லாபோ' என்பது ஆதாயம்; நம் 'லாப'த்துக்கும் அதற்கும் வடமொழியே மூலம். 'லாபா-லாபா' சுருங்கிய 'ல்லாபோ' என்பதோ சிலந்தி!

மெல்லொலியையும் இடையொலியையும் நீட்டினால் காதில் விழும். வல்லொலியை நீட்டினால் கேட்பது மௌனம் மட்டுமே. 'காத்தொ' என்றால் அடித்தல், 'க்காத்தொ' என்றால் தவளை. பேச்சின் தொடக்கத்திலேயே இச்சொல் வந்தால், மௌனம் நீண்டதை எப்படி அறிவது? 1980களில் பட்டானி மலாயை ஆராய்ந்த ஒலியியலாளர் ஆர்தர் ஆப்ராம்சன் இக்கேள்வியைத் தொடர்ந்தார். முதல் அசை ஓங்கி ஒலிப்பது கேட்போருக்கு ஒரு குறிப்பாகிறது என்பதை அவர் 1991இல் எடுத்துக்காட்டினார்.

தனிமெய் சொல்முதலாகாது என்பது தமிழ் மரபு. மேலே நாங்கள் எழுதிய 'ஜ்ஜாலே' அம்மரபுக்குப் புறம்பானது. செந்தர மலாயின் எழுத்துமுறையிலும் இந்நீட்சிக்கு இடமில்லை. பள்ளிக்கூட எழுத்தைக் கொண்டே பேச்சை அளப்பவருக்கு, கிளந்தான்காரர் சொற்களைப் பாதி விழுங்குவதாகவே தோன்றும். அந்த ஏளனத்தைக் கேட்டே நாங்கள் வளர்ந்தோம். ஆனால் அவர்கள் பேச்சில் இந்தப் பொருள் வேறுபாடு அழிந்துவிடவில்லை. முழு அசையாக நாங்கள் ஒலிப்பதை, அவர்கள் ஒரு மெய்யை நீட்டிச் சொல்லிவிடுகிறார்கள். அதைச் சோம்பல் என்று சொல்ல எங்களுக்கு இனி மனம் வராது.