மலைத்தேனீயும் மாடித்தோட்டமும்
பெங்களூருவின் அடுக்குமாடிகளில் அடை கட்டும் மலைத்தேனீ, நகரின் முக்கிய மகரந்தச் சேர்க்கையாளர். காற்று மாசு மிகுந்த இடங்களில் பிடிக்கப்பட்ட இத்தேனீக்களில் 80 சதவீதத்துக்கும் மேல் ஒரே நாளில் இறந்ததாகத் தேசிய உயிரியல் அறிவியல் மையத்தினரின் 2020 ஆய்வு காட்டியது. பதின்வயதினருக்கு இப்பூச்சிகளின் உலகைப் புரியவைக்க, பாடநூல் படத்தைவிடக் கத்தரிச் செடி வளரும் ஒரு தொட்டியே மேல். கத்தரி, தக்காளிப் பூக்கள் மகரந்தத்தை எளிதில் விடுவதில்லை. நீலப்பட்டைத் தேனீ பூவைப் பற்றிக்கொண்டு உடலை அதிரவைத்து அதை உதிர்க்கும். மலைத்தேனீக்கு அந்த வித்தை தெரியாது. நீலப்பட்டைத் தேனீ மண்ணைத் துளைத்துக் கூடமைப்பதால், முற்றத்தில் ஒரு மூலைக்காவது சிமெண்ட் பூசக்கூடாது. துளசியும் தும்பையும் தேன் தரும். கறிவேப்பிலையில் வண்ணத்துப்பூச்சி முட்டையிடும். புழு இலையைத் தின்னும். சாம்பாருக்கு இலை குறைகிறதென்று மருந்தடித்தால் வண்ணத்துப்பூச்சியும் இல்லை.