கம்பிக்கு அந்தப் பக்கம்

ராயப்பேட்டையில் பழைய கட்டடம் என்றதும் எனக்கு முதலில் ஞாபகம் வருவது அமீர் மஹால். 1798-ல் கிழக்கிந்தியக் கம்பெனிக்காரர்கள் ஆபீஸ் வைத்துக்கொள்ளக் கட்டியது. பிறகு ராபர்ட் சிஷோம் அதை அரண்மனையாக மாற்றிக் கொடுக்க, 1876-ல் ஆற்காடு இளவரசர் குடும்பம் குடிவந்தது. இன்றும் அங்கேதான் இருக்கிறார்கள். அந்தக் கட்டடம் பிழைத்ததற்கு அதுதான் காரணம் என்பேன். ஆள் இருக்கிற வீடு ஒழுகினால் அன்றைக்கே ஏணி போடுவார்கள். ஆள் இல்லாத வீட்டில் முதலில் குடிவருவது அரசஞ்செடி.

சமீபத்தில் இதே பேட்டையில், ஒரு பழைய கன்னியர் மடத்தைப் புதுப்பிக்கிற வேலையைப் பார்க்கிற வாய்ப்புக் கிடைத்தது. என் மனைவிக்குக் கணக்குச் சொல்லிக்கொடுத்த சிஸ்டர் அங்கே இருக்கிறார். வயது எண்பதைத் தாண்டிவிட்டது. எந்தச் சபை, எந்தத் தெரு என்று எழுதக் கூடாது என்பது அவர் போட்ட கண்டிஷன். "பேரெல்லாம் போட்டீங்கன்னா எல்லாரும் பார்க்க வந்துடுவாங்க தம்பி. காபி போட்டு மாளாது!"

முதலில் மொட்டை மாடி. மெட்ராஸ் டெரஸ் என்று கேள்விப்பட்டிருப்பீர்கள். தேக்கு உத்தரங்களை வரிசையாகப் போட்டு, அதன்மேல் சன்னமான செங்கல்லைக் குத்துவாக்கில் குறுக்காக அடுக்கி, சுண்ணாம்பில் பிணைத்து, மேலே செங்கல் ஜல்லியும் சுண்ணாம்பும் கொட்டி இடித்து, கடைசியில் தட்டோடு பதிப்பார்கள். சித்தாள்கள் வரிசையாக உட்கார்ந்து, பாட்டுப் பாடிக்கொண்டே கட்டையால் தட்டுவதைப் பார்த்த தலைமுறை இன்னும் இருக்கிறது.

"சிமென்ட்டுதான் சார் வில்லன்" என்றார் மேஸ்திரி. சுண்ணாம்புச் சுவர் ஈரத்தை வாங்கும், வெயிலில் வெளியே விட்டுவிடும். நடுவில் யாரோ நல்ல எண்ணத்தில் மேலே சிமென்ட் பூசிவிட, உள்ளே போன ஈரம் வெளியே வர வழி தெரியாமல் தவித்து, பெயின்ட் கொப்புளம் கொப்புளமாக உரிந்துகொண்டிருந்தது. அதையெல்லாம் கொத்தி எடுத்துவிட்டு, கடுக்காயும் வெல்லமும் ஊறப்போட்ட தண்ணீரில் சுண்ணாம்பைக் குழைத்து மறுபடி பூசுகிறார்கள். அந்த இடமே பழைய வெல்லமண்டி மாதிரி மணக்கிறது.

இதெல்லாம் சுலபம். கஷ்டமானது மாடிப்படி.

இளவயதுப் பெண்கள் கூட்டமாக இருந்த காலத்தில் கட்டிய மடம். தூங்குவது மாடியில், சாப்பாடு கீழே, குளியலறை கொல்லைப்பக்கம். இருபது வயதில் அது உடற்பயிற்சி. எண்பது வயதில், ராத்திரி பாத்ரூம் போக முப்பத்திரண்டு படி இறங்குவது என்றால்? ஒரு சிஸ்டர் விழுந்து இடுப்பெலும்பு முறிந்த பிறகுதான் இந்தப் புதுப்பிப்பு யோசனையே வந்ததாம். இப்போது கொல்லைப்பக்கம் லிஃப்ட், ஒவ்வோர் அறைக்கும் பாத்ரூம், வராந்தா முழுக்கக் கைப்பிடி, சிற்றாலயத்துக்குச் சக்கர நாற்காலி போகச் சரிவுப் பாதை. முகப்பில் மட்டும் கை வைக்கவில்லை.

பிரச்னை கிளம்பியது பார்லரில். விருந்தினர் அறையைத்தான் அப்படிச் சொல்கிறார்கள். அதன் நடுவே குறுக்காக ஓர் இரும்புக் கம்பி அடைப்பு. பூவும் கொடியுமாக அருமையான வேலைப்பாடு. அதை எடுக்கப்போகிறார்கள் என்றதும் பழைய மாணவிகளின் வாட்ஸ்அப் குழுவில் ஒரே ரகளை. என் வீட்டு அம்மணியும் அதில் ஒரு போராளி. "அது எங்க ஹெரிடேஜ்!"

சிஸ்டரிடம் கேட்டேன். கொஞ்ச நேரம் பேசவில்லை.

"1961-ல சேர்ந்தேன். வருஷத்துக்கு ஒரு தடவை அம்மா ஊர்லேர்ந்து பஸ் பிடிச்சு வருவாங்க. நான் இந்தப் பக்கம், அம்மா அந்தப் பக்கம். முறுக்கு கொண்டாந்தா போர்ட்டரஸ் சிஸ்டர்கிட்டதான் குடுக்கணும். அப்பா இறந்தப்ப ஊருக்குப் போக அனுமதியில்ல. அம்மா தனியா வந்து, இந்தக் கம்பியைப் பிடிச்சுக்கிட்டு அழுதாங்க. உங்க வீட்டம்மாவுக்கு அது டிசைன். எனக்கு அது அம்மாவோட விரல்."

வீட்டுக்கு வந்து சொன்னேன். அன்று ராத்திரி என் மனைவி அந்தக் குழுவில் எதுவும் எழுதவில்லை.

இந்த அடைப்பு பல சபைகளில் ஆரம்பத்திலிருந்தே இருந்ததல்ல என்பதுதான் வேடிக்கை. அண்ணா சாலையில் சர்ச் பார்க் கான்வென்ட் உங்களுக்குத் தெரியும். 1909-லிருந்து இருக்கிறது, ஜெயலலிதா படித்த இடம். அதை நடத்தும் பிரசன்டேஷன் சபையினர் சென்னைக்கு வந்தது 1842-ல். சூயஸ் கால்வாய் வெட்டாத காலத்தில் அயர்லாந்திலிருந்து கிளம்பி வந்த ஒரு சிறு குழு. அந்தச் சபையைத் தொடங்கிய நானோ நேகிள், கத்தோலிக்கர்கள் பள்ளி நடத்தக் கூடாது என்று சட்டம் இருந்த 1750-களில், கார்க் நகரத்துச் சந்துகளில் ஏழைப் பிள்ளைகளுக்கு ரகசியமாகப் பள்ளி நடத்தியவர். ராத்திரியில் கையில் லாந்தரோடு நோயாளிகளைத் தேடிப் போனவர். 1775-ல் சபையை ஆரம்பித்தார், 1784-ல் காலமானார். 1805-ல் ரோமிலிருந்து அங்கீகாரம் வந்தபோது, கூடவே அடைப்பு விதியும் வந்து சேர்ந்தது. தெருத்தெருவாக நடந்தவரின் பிள்ளைகள் மதிலுக்குள் போனார்கள்.

கதவு திறந்தது இரண்டாம் வத்திக்கான் சங்கத்தில். 1965-ல் வெளியான ஆவணம் துறவற சபைகளுக்கு இரண்டு விஷயம் சொன்னது: உங்களைத் தொடங்கியவரின் நோக்கத்துக்குத் திரும்பிப் போங்கள், காலத்துக்கு ஏற்ப மாறுங்கள். யோசித்துப் பார்த்தால், பழைய கட்டடத்தைப் புதுப்பிக்கிற எந்த இன்ஜினீயருக்கும் இதைவிட நல்ல பிளான் கிடையாது.

கார்க் நகரத்தில் நானோ நேகிள் கட்டிய மடத்தையும் புதுப்பித்து, 2017-ல் திறந்துவிட்டார்கள். அயர்லாந்தில் இப்போது துறவறத்துக்கு வருகிற பெண்கள் மிகக் குறைவு. அதனால் அங்கே அருங்காட்சியகம், தோட்டம், காபிக்கடை, பிழைக்க வந்த வெளிநாட்டினருக்கு உதவி மையம் எல்லாம் வந்துவிட்டன. தோட்டத்திலேயே அவருடைய கல்லறை. யார் வேண்டுமானாலும் உள்ளே போகலாம்.

நம்ம ஊர் மடங்களில் இன்னும் சிஸ்டர்கள் வாழ்கிறார்கள். காலையில் ஜெபம் முடித்து, பஸ்ஸிலும் ஸ்கூட்டியிலும் ஆஸ்பத்திரிக்கும் குடிசைப் பகுதிக்கும் போகிறார்கள். அவர்கள் வயதாகித் திரும்பி வரும்போது, படுக்க ஒரு கீழ்த்தள அறையும் பிடித்துக்கொள்ள ஒரு கைப்பிடியும் வேண்டும். அழகு, பெருமை எல்லாம் அதற்கப்புறம்தான்.

மடத்துக்கு மட்டும் இல்லை. உங்கள் வீட்டில் அப்பாவோ அம்மாவோ இருந்தால், ஹாலுக்கு என்ன கலர் அடிப்பது என்று யோசிப்பதற்கு முன், அவர்கள் பாத்ரூமில் ஒரு கைப்பிடி வைத்துவிடுங்கள். தரையும் வழுக்காத டைல்ஸாக இருக்கட்டும்.